“வேறு பாடசாலைக்கு மாற்றுங்கள்” என்று கூறப்பட்ட பிள்ளை: பெற்றோர் என்ன செய்யலாம்?

வாவெட்டி | 02.03.2025

எங்கள் மகள் தரம் மூன்றில் படிக்கிறாள். கேட்ட கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசை எண்ணிச் சரியாகக் கொண்டு வருவாள். ஆனால் வாசிக்க வராது. போன கிழமை அதிபர் எங்களை அழைத்து, “இவளுக்கு இங்கே படிப்பு ஏறாது, விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்கு மாற்றுங்கள், அதற்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்” என்றார். அலகு என்பது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. அந்தப் பாடசாலை இருக்கும் பாதையில் பேருந்து ஒழுங்காக ஓடுவதில்லை. மறுத்தால் பிள்ளையை வகுப்பில் ஒதுக்கிவிடுவார்களோ என்று மனைவி பயப்படுகிறார். கடிதத்தைக் கொடுப்பதா, விடுவதா?

பாலியாறு | 02.03.2025

தம்பி, அந்தக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். பெற்றோரின் கையெழுத்தோடு அப்படியொரு கடிதம் கோப்பில் ஏறிவிட்டால், பின்னர் யார் கேட்டாலும் “பெற்றோரின் விருப்பத்தின் பேரில் விலகினார்” என்ற ஒற்றை வரியே விடையாகும். அனுப்பியது பாடசாலைதான் என்பதற்கு எந்தத் தடயமும் இராது. அதற்காக முகத்துக்கு நேரே மறுக்கவும் வேண்டாம். “சேர், நாங்கள் யோசிக்கிறோம். பிள்ளையை யார் பரிசோதித்தார்கள், எந்தச் சுற்றறிக்கையின்படி மாற்றச் சொல்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தந்தால், வலயக் கல்விப் பணிமனையில் காட்டி ஆலோசனை கேட்கலாம்” என்று பணிவாகக் கேளுங்கள். நான் கண்ட வரையில் பாதி விடயங்கள் இந்த இடத்திலேயே தணிந்துவிடும், ஏனென்றால் வாயால் இலகுவாகச் சொல்வதை எழுதிக் கையெழுத்திடுவதற்கு முன்னர் எவரும் ஒருமுறை யோசிப்பார்.

சட்டத்தில் உங்களுக்கு நிற்க இடமுண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, கல்வி நிறுவனமொன்றில் அனுமதி வழங்கும்போது இயலாமையைக் காரணமாகக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 ஆம் ஆண்டிலிருந்து ஐந்து முதல் பதினாறு வரை என உள்ளது. ஆனால் முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுத்து மேசையில் வைக்காதீர்கள். அது பையிலேயே இருக்கட்டும்.

நான் துணுக்காய்ப் பக்கம் விசேட கல்வி அலகொன்றில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதிபரின் மேசைக்கு அந்தப் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், இப்போது பெற்றோருடன் இந்தப் பக்கத்திலும் போய் இருக்கிறேன்.

பாலியாறு | 03.03.2025

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. காதையும் கண்ணையும் முதலில் பார்த்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுச்செவியில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் ஒரு கிழமை குறைந்து மறு கிழமை கூடும். வீட்டில் கதை கேட்கும் பிள்ளைக்கு வகுப்பின் பின்வாங்கிலில் எதுவும் பிடிபடாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றுக்கு வரும் என்று அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கூறினால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் எடுத்துத் தருவார்.

பாலியாறு | 09.03.2025

இனிக் கோப்பு பற்றி. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் காணிக்கு ஒரு ஃபைல் இருக்கும், வீட்டுத்திட்டத்துக்கு ஒரு ஃபைல் இருக்கும்; 2010 இல் மீளக் குடியேறிய நாளிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டும் பொலித்தீன் உறையில் போட்டு, இறங்குபெட்டிக்குள் துணிக்கு அடியில் பத்திரமாக இருக்கும். பிள்ளையின் படிப்புக்கு என்று ஒரு ஃபைல் இருக்காது. நான் ஒரு தாயாருக்குக் கடையில் கடதாசி அட்டை ஃபைல் ஒன்று வாங்கிக் கொடுத்ததைக் கண்ட பக்கத்து வீட்டார், காணி வழக்கு ஏதும் தொடங்கிவிட்டதா என்று விசாரித்தார்கள்.

வன்னியில் இந்தக் கோப்பு மற்ற இடங்களை விட அதிகம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பாடசாலைகளில் பல கஷ்டம், அதிகஷ்டம் என வகைப்படுத்தப்பட்டவை. வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள், திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் வந்திறங்கி, குறித்த சேவைக் காலம் முடிந்ததும் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வராது. அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளையை இரண்டு வருடம் கவனித்து, எப்படிச் சொன்னால் இவனுக்கு விளங்கும் என்று கண்டுபிடித்த ஆசிரியை, அந்த அறிவையும் தன்னோடு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்து வருபவர் ஒன்றாம் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் ஒன்றாம் நாளே வருவதில்லை, வெற்றிடமாகவே கிடக்கிறது. ஆகவே பிள்ளை பற்றிய நினைவு பாடசாலையில் தங்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. அது வீட்டில் தங்க வேண்டும்.

கோப்பில் போட வேண்டியவை: பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் பிரதி (எப்போது நடந்தாள், எப்போது பேசினாள் என்பது அதில்தான் இருக்கும்), கிளினிக் அட்டையின் பிரதி, தேர்ச்சி அறிக்கைகள், பிழைகளோடு கூடிய பழைய கொப்பிகள். கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள். ஒரு வருட இடைவெளியில் எழுதிய இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துக் காட்டினால் எந்த அதிகாரிக்கும் நீண்ட விளக்கம் தேவைப்படாது. அத்துடன் யாரிடமாவது பேசிவிட்டு வந்தால், அன்றிரவே திகதி போட்டு, யார் என்ன சொன்னார் என்று நான்கு வரி எழுதிவையுங்கள்.

பாலியாறு | 15.03.2025

ஒவ்வொரு பாடசாலையிலும் விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது என ஒரு நண்பர் இங்கே எழுதியிருக்கிறார். 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அச்சட்டம் அனுமதியில் பாகுபாட்டைத் தடுக்கிறது, மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகலாம் என்கிறது. உள்ளே எடுத்த பிள்ளைக்கு வகுப்பறையில் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்பதை அது விரித்துக் கூறவில்லை. அந்த இடத்தைத் தொடுவது ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை. இலங்கை 2016 இல் அச்சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. எனினும் உள்ளூர் நீதிமன்றத்தில் நேரடியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய சட்டமாக அது முழுமையாக மாறிவிடவில்லை. கடிதத்தில் குறிப்பிட்டால் கனம் சேரும், அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வன்னியில் பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் அதிபர்களை நான் அதிகம் கண்டதில்லை என்பதுதான். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கும் பாடசாலைக்கு ஒவ்வொரு பெயரும் தேவை. பிள்ளையைச் சேர்த்துவிட்டு மறந்துபோவதே இங்குள்ள வழக்கம். வரவுப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பிள்ளை பின்வாங்கிலில் இருந்து கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மாடு கீறிக்கொண்டிருக்கும். சட்டப்படி அங்கே எந்த மீறலும் நடந்திருக்காது. வாவெட்டித் தம்பியின் அதிபர் வெளியே போகச் சொன்னதால் உங்களுக்கு விடயம் தெரியவந்தது. எத்தனையோ பெற்றோருக்கு அது தரம் ஆறில்தான் தெரியவருகிறது.

பயன்படும் இன்னொரு சட்டம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வலயத்தில் பயிற்றப்பட்ட விசேட கல்வி ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பாடசாலைகளில் இருக்கிறார்கள், பிள்ளையை அலகுக்கு மாற்றுவதற்கான நடைமுறை எந்தச் சுற்றறிக்கையில் உள்ளது என்று வலயப் பணிமனையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு கூற வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அவர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

பாலியாறு | 16.03.2025

ரீச்சர் எங்களைக் கோட்டுக்குப் போகச் சொல்கிறாரா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இல்லை, பிள்ளை. வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கே முறைப்பாடு கொடுக்கச் செலவில்லை. ஆனால் அது கடைசிப் படி. நாளை காலையிலும் பிள்ளை அதே வகுப்பறைக்குத்தான் போக வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

பாலியாறு | 30.03.2025

அதிபருடனான சந்திப்பைப் பற்றிக் கேட்டீர்கள். தாயார் தனியே போகக்கூடாது என்பது என் அனுபவம். இங்கே பாடசாலைக்குப் போவது தாய்மாரின் வேலை என்று ஆகிவிட்டது. தகப்பன் இருந்தால் அவரும் போக வேண்டும்; இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு, அங்கே மாமாவோ அம்மம்மாவோ போகட்டும். என்னைக் கூப்பிட்டால் நானும் போவேன், ஆனால் பேச மாட்டேன். முன்னாள் ஆசிரியை ஒருத்தி வாய் திறந்தால் அது இரண்டு உத்தியோகத்தர்களுக்கு இடையிலான வாக்குவாதமாகி, பிள்ளையின் தாய் பார்வையாளராகிவிடுவார். நான் பக்கத்தில் இருந்து குறிப்பு மட்டும் எழுதுவேன். பேனையைத் திறந்து வைத்திருப்பதே பேச்சை ஒழுங்குபடுத்திவிடும்.

ஒரு சந்திப்பை மறக்க மாட்டேன். பேரனுக்காக அம்மம்மா ஒருவர் வந்திருந்தார். பையனுக்கு ஒரு காது கேட்காது. வகுப்பின் வீதிப் பக்க யன்னலோரம் அவனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள், உழவு இயந்திரம் ஒன்று போனால் ரீச்சர் சொல்வது ஒன்றும் கேட்காது. அதிபர் வளங்கள் இல்லாமை, ஆளணிப் பற்றாக்குறை, வலயம் கவனிக்காதது என்று நெடுநேரம் பேசினார், எல்லாம் உண்மையும்கூட. அம்மம்மா கேட்டு முடித்துவிட்டு, “எல்லாம் சரி ஐயா. அவன்ர நல்ல காது ரீச்சரின்ர பக்கம் இருக்கிற மாதிரிக் கதிரையைப் போட்டு விடுங்கோவன்” என்றார். அதிபர் சிரித்துவிட்டார். அன்றே கதிரை மாறியது. பாடசாலையில் நடப்பவற்றைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை அதிபரே எடுத்து, பாட்டியார் வந்து கலந்துரையாடியதையும் இடமாற்றம் செய்யப்பட்டதையும் திகதியிட்டு எழுதினார்.

சந்திப்பில் கேட்பது அந்த அளவில் இருக்க வேண்டும்: பாடசாலை தன் கையில் உள்ளதைக் கொண்டு நாளைக்கே செய்யக்கூடியதை அதிபரிடம் கேளுங்கள், அதைச் சம்பவத்திரட்டில் எழுதும்படி கேளுங்கள். ஆசிரியர் நியமனம், அலகு திறத்தல், சாய்தளம் கட்டுதல் போன்றவற்றை வலயத்தின் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்குத் தனிக் கடிதமாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே சந்திப்பில் கலந்தால், செய்ய முடியாததைக் காட்டிச் செய்யக்கூடியதையும் தள்ளிப்போடுவார்கள்.

பாலியாறு | 06.04.2025

வாவெட்டித் தம்பி மகளின் கொப்பிப் பக்கங்களை எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார். நான் வைத்தியர் அல்லள், நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் ஆசிரியையாக ஒன்றைக் கூறலாம். எங்கள் எழுத்தில் ெ, ே, ை ஆகிய குறிகள் மெய்க்கு முன்னால் எழுதப்பட்டு, பின்னால் ஒலிக்கப்படுகின்றன. ொ, ோ ஆகியன மெய்யை இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. என் அலகில் இருந்த ஒரு பிள்ளை “தொப்பி” என்பதன் கீழ் நகத்தை வைத்து, முதற்குறியில் நிற்பான். பிறகு “த” என்பான். அதற்கப்பால் துணைக்கால் வந்ததும் “தா” என்பான். பின் நகத்தை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். மற்றப் பிள்ளைகள் சில மாதங்களில் கடந்துவிடும் இந்த இடத்தில் சில பிள்ளைகள் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். இவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை, சோம்பலும் இல்லை. குறியையும் மெய்யையும் ஒரே துண்டாக வெட்டிய அட்டைகளில் காட்டி, ஒலியோடு சேர்த்து, நாளுக்குக் கொஞ்ச நேரம் தவறாமல் பழக்கினால் நகர்வார்கள், மெதுவாக.

ஆகவே இந்தப் பிள்ளைக்கு நான் கேட்கச் சொல்வது: முன்வரிசையில் இடம், முன்கூட்டிப் பழக்காமல் வகுப்பின் முன் உரக்க வாசிக்க எழுப்பாதிருத்தல், கரும்பலகையிலிருந்து நீளமாகப் பார்த்தெழுதுவதற்குப் பதிலாக ஒரு தாள், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தில் வாய்மொழியாக விடை கூற இடம். அவள் கதை சொல்லும் பிள்ளை, வாயால் கேட்டால் தெரிந்ததைச் சொல்லிவிடுவாள். இன்னொன்றையும் பணிவாக நினைவூட்டலாம்: தரம் மூன்றும் நான்கும் சேர்ந்ததே முதன்மை நிலை இரண்டு. தரம் நான்கு முடியும்வரை அத்தியாவசியத் தேர்ச்சிகளை அடைய அவளுக்குக் காலம் இருக்கிறது.

பாலியாறு | 27.04.2025

இதுவரை நான் எழுதியவற்றை வாசித்தவர்களுக்கு, அலகுகளுக்கு நான் எதிரி என்ற எண்ணம் வந்திருக்கக்கூடும். முன்பள்ளியே போகாமல் வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் என் அலகில் தாமாகக் கைகழுவவும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவும், தம் பெயருக்குத் திரும்பவும் கற்றிருக்கிறார்கள். முப்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் அது நடந்திராது. முற்றாகக் கேட்காத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் தோழர்கள் வேண்டும். அதற்காகக் கைதடி நவீல்ட் பாடசாலைக்கு அனுப்பி, விடுதியில் விட்டு, முதல் மாதம் முழுவதும் அழுத தாய்மார் பின்னர் மகிழ்ந்ததையும் கண்டிருக்கிறேன். அலகு என்பது ஒரு பிள்ளையை இயன்றபோது சாதாரண வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதற்கான இடம். திரும்பி வரும் திகதி பற்றிய பேச்சே இல்லாமல் அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அனுப்பச் சம்மதித்தால், எந்தத் தேர்ச்சி வந்தால் திரும்புவாள், எப்போது மீளாய்வு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அலகிலும் தனியாள் கல்வித் திட்டம், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதும் கற்பித்தல் திட்டம், இருக்க வேண்டும். நான் எழுதிய பல திட்டங்கள் வலய அதிகாரி வரும் நாளில் மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வந்தன. எந்தப் பெற்றோரும் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவராவது கேட்டிருந்தால் நான் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

பாலியாறு | 25.05.2025

கையெழுத்து பற்றி ஒரு தாயார் எனக்குத் தனியே எழுதியது மனதில் நிற்கிறது. இன்று தரம் மூன்றில் பிள்ளை உள்ள தாய்மாரில் பலருக்கு 2008, 2009 இல் படிப்பு அறுந்தது. மரத்தடி வகுப்பு, இடப்பெயர்வு, செட்டிகுளம் முகாம் என்று போய், திரும்பி வந்தபோது வயது போய்விட்டது. முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் அவர்கள் கையெழுத்திட்ட பதிவுகளுக்குக் கணக்கில்லை, வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட எவரும் நேரம் கொடுத்ததுமில்லை. அந்தப் பழக்கத்தில், அதிபர் ஒரு தாளை நீட்டினால் கை தானாகப் போகிறது. “வீட்டுக்குக் கொண்டு போய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்ல ஒருவருக்கும் அனுமதி தேவையில்லை. இந்த ஒரு வசனத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் தாய்மாரைப் பழக்கும்போது நானே அதிபராக நடிப்பேன், சிலர் என்னைப் பார்த்து உண்மையிலேயே எழுந்து நிற்பார்கள்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் அவர்களிடம் போகலாம்.

பாலியாறு | 15.06.2025

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. பிள்ளையை வெளியே தள்ளும் அழுத்தத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல், எத்தனை பேர் 70 புள்ளிக்கு மேல் என்று வலயக் கூட்டத்தில் பாடசாலை பாடசாலையாக வாசிக்கும்போது, தரம் மூன்றிலேயே ஓர் அதிபர் எதிர்காலச் சித்தி வீதத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அதை வாய்விட்டு எவரும் கூற மாட்டார்கள். “பிள்ளையின் நன்மைக்காக” என்றே கூறுவார்கள்.

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், வாசிப்பாளர் அல்லது எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். அதிபர் மூலம், வைத்திய அறிக்கையோடு, பரீட்சைக்கு நெடுநாள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக்கில் திகதி கிடைப்பதற்கே இங்கே மாதங்கள் எடுப்பதால், தரம் நான்கில் தொடங்குங்கள். வைத்தியரிடம் நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள்; “வகுப்பில் என்ன உதவி வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்” என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் உள்ள அறிக்கையின் கீழ் அந்த ஒரு வரியைத்தான் வகுப்பாசிரியை தேடிப் பார்ப்பார்.

பாலியாறு | 06.07.2025

வாவெட்டித் தம்பி நேற்று அறிவித்தது: காதுகள் சரி, கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, வாசிப்பு இன்னும் வரவில்லை. மாற்றக் கடிதம் பற்றிய பேச்சு ஓய்ந்துவிட்டது. வலயத்திலிருந்து வந்த அதிகாரி வகுப்பில் இருந்து பார்த்து, பிள்ளை இங்கேயே இருக்கட்டும், பக்கத்துப் பாடசாலை அலகின் ஆசிரியை கிழமையில் ஒரு நாள் வரட்டும் என்று வாய்மொழியாகக் கூறியிருக்கிறார். வாய்மொழி போதாது. மாதிரிக் கடிதம் கேட்டவர்கள் பலர் என்பதால், அவருக்காக எழுதியதையே பெயர்களை நீக்கி இங்கே இடுகிறேன்.

“அதிபர் அவர்களுக்கு,
தரம் 3 இல் கற்கும் எங்கள் மகள் தொடர்பாக, வலயக் கல்விப் பணிமனை அதிகாரி வகுப்பறைக்கு வந்து பார்த்தமைக்கும், தாங்கள் அளித்துவரும் ஒத்துழைப்புக்கும் நன்றி. அன்று கலந்துரையாடப்பட்டவாறு, (1) விசேட கல்வி ஆசிரியை கிழமையில் ஒரு நாள் வருகை தருவார் என்றும், (2) மகள் முன்வரிசையில் அமர்த்தப்படுவார் என்றும், (3) சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வாய்மொழி மூலம் மதிப்பிடப்படுவார் என்றும் நாங்கள் விளங்கிக்கொண்டுள்ளோம். இதில் திருத்தம் ஏதும் இருப்பின் எழுத்தில் அறியத் தரவும். தவணை முடிவில் மீளாய்வுக்கான ஒரு திகதியைத் தந்துதவுமாறும், இக்கடிதத்தைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதிவுசெய்யுமாறும், எமது பிரதியில் திகதி முத்திரை இட்டுத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.
இங்ஙனம், பெற்றோர்.
பிரதி: வகுப்பாசிரியை, உதவிக் கல்விப் பணிப்பாளர் (விசேட கல்வி), வலயக் கல்விப் பணிமனை – பதிவுத் தபாலில்.”